திடலை இறக்கியவர்

என் பெரியப்பா வீரையன் பிறந்த ஆண்டு மூன்று காகிதங்களில் மூன்று விதமாக இருக்கிறது. வாக்காளர் பட்டியலின்படி 1926. அரசு மண்வேலை இயந்திரப் பிரிவின் தினக்கூலிப் பதிவின்படி 1931. குடும்ப அட்டையின்படி 1934. நான் நடுவில் உள்ளதையே ஏற்கிறேன். அது ஒன்றுதான் அவர் தம் வாயால் சொல்லி எழுதப்பட்டது. மற்ற இரண்டும் எழுத வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத் தாங்களாகப் போட்டுக்கொண்டவை. அந்த முகம் எக்காலத்திலும் வயதைக் காட்டியதில்லை. களைப்பை மட்டுமே காட்டியது. 1993ஆம் ஆண்டு ஐப்பசியில் அவர் இறந்தார். அந்தத் தேதியில் ஐயமில்லை.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடைமடைப் பகுதியில் எங்கள் ஊர். அவர் தகப்பனாரைப் போலவே அவரும் பண்ணையாளாகத்தான் தொடங்கினார். 1958இல், தரிசு திருத்துவதற்காக அரசு புல்டோசர் ஒன்று இப்பக்கம் வந்தபோது, கிரீஸ் வைப்பதற்கும் தண்ணீர் ஊற்றுவதற்கும் ஆள் வேண்டுமென்று அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பதினோரு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். ஒருநாளும் ஓட்டுநர் இருக்கையில் அமர அனுமதிக்கப்பட்டதில்லை. ஓட்டுநர் சாப்பிடப் போகும் நேரங்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இவர் கீழே நின்று ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்த ஓசை எந்த உறுப்பினுடையது என்பது அவருக்கு அப்படித்தான் தெரியவந்தது. 1969இல் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கழக ஆட்சியில் நில உச்சவரம்பு பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைக்கப்பட்டதும், எங்கள் ஊர்ப் பண்ணையும் உபரி நிலம் காட்ட வேண்டியதாயிற்று. எதை விடுவது என்பதைப் பண்ணையே தேர்ந்துகொண்டது. நல்ல நஞ்சையை உறவினர் பெயர்களில் எழுதிவைத்துவிட்டுத் திடலை விட்டது. 1972 ஆவணியில் அதில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், பெரியப்பா பெயருக்கு ஒப்படை செய்யப்பட்டது. ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் முழுப் பரப்பையும் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் ஒப்படை ரத்தாகும். அந்த மூன்று ஆண்டுகள் 1975 ஆவணியோடு முடிந்தன.

திடல் என்றால் கருவேலமும் ஈச்சம்புதரும் மண்டிய மேடு. சுற்றியுள்ள வயலைவிட நான்கடி உயரம். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அதன் காலடியைத்தான் நனைக்கும். மேலே இருந்தது செம்மணல் கலந்த மண். அதற்கடியில் பழைய கரிசல் களி கிடந்தது. திடலை நான்கடி இறக்கினால் நெல் விளையும். மண்வெட்டியும் கூடையுமாகத் தாமும் பெரியம்மா அம்சவல்லியும் இறங்கினால் எத்தனை காலம் ஆகுமென்று பெரியப்பா விரல்விட்டுப் பார்த்தார். பன்னிரண்டு கோடை என்று வந்தது.

பண்ணையின் காரியஸ்தர் இராஜாங்கம் அவ்வழியே சைக்கிளில் போகும்போதெல்லாம் காலை ஊன்றி நின்று கேட்பார்.

"என்ன மிராசு, இந்த வருஷம் குறுவையா சம்பாவா?"

"ஈச்சம்பழந்தாங்க," என்பார் பெரியப்பா.

கூத்தாநல்லூரில் மூஸா என்பவர் பழைய இரும்பு வாங்கி விற்றுவந்தார். மலேயாவில் தோட்டச் சாலைகள் போடும் இடத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அரசு ஏலத்தில் உடைப்பதற்கென்று அவர் எடுத்த ஒரு செயின் வண்டி, போர்க்காலத்துப் புல்டோசர், அவர் கொட்டகைக்குப் பின்னால் நான்கு ஆண்டுகளாக நின்றிருந்தது. சக்கரத்துக்குப் பதில் இரும்புத் தகடுகள் கோத்த சங்கிலியில் ஊர்ந்து செல்லும் வண்டி அது. பெரியப்பா பதினோரு ஆண்டுகள் கிரீஸ் வைத்த அதே வகை. அவர் அதைச் சுற்றி வந்து, சங்கிலியைக் கம்பியால் தட்டிப் பார்த்தாராம்.

"ஒடைக்காதீங்க பாய். இதுக்கு உசுரு இருக்கு."

"நாலு வருஷமா நானும் பாக்குறேன், ஒரு தும்மல் கூட இல்ல. எங்க இருக்கு உசுரு?"

"எனக்குக் குடுங்க, எழுப்பிக் காட்டுறேன். மாசி பங்குனியில நீங்க சொல்ற எடத்துல ஓட்டுறேன். சித்திரை வைகாசி மட்டும் என் திடலுக்கு."

"எழும்பலேன்னா?"

"நீங்க ஒடைக்கிறப்ப நானும் சுத்தியல் புடிக்கிறேன்."

மூஸா சம்மதித்தார். எழுத்தில் எதுவும் இல்லை; ஆகவே இந்த உடன்பாட்டை அவர் மகனிடமும் பெரியம்மாவிடமும் தனித்தனியே கேட்டு, இரண்டும் ஒத்துப்போனபின் இங்கே எழுதுகிறேன்.

எழுப்புவதற்கு ஏழு மாதங்கள் ஆயின. சங்கிலியின் கண்ணிகளைக் கோக்கும் பின் என்ற ஆணியும் அதன்மேல் சுழலும் புஷ் என்ற குழலும் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். இரண்டு சங்கிலியிலும் சேர்த்து எழுபத்திரண்டு. அழுத்தித் தள்ளும் இயந்திரம் இல்லாததால், கண்ணியைக் கரி நெருப்பில் காய்ச்சி, லாரி ஜாக்கியை இரும்புச் சட்டத்துக்குள் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் நகரவில்லை. திருப்பும்போது வண்டியை ஒரு பக்கம் நிறுத்தும் கிளட்ச் எண்ணெய் குடித்து வழுக்கியது. அதை மண்ணெண்ணெயில் அலசி அலசி உலர்த்தினார்.

அடியில் உருளும் உருளைகளுக்கு வெண்கலப் புஷ் வேண்டியிருந்தது. கடைகளில் கிடைக்கவில்லை. மரத்தில் மாதிரி செதுக்கிக்கொண்டு சுவாமிமலைக்குப் போனார். அங்கே சிலை வார்க்கும் குஞ்சிதபாதம் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சாமிக்கு ஊத்துற கலவை இதுக்கு நிக்காது. வெள்ளீயம் தூக்கலாப் போடணும். மெழுகுல பத்து புடிச்சுத் தர்றேன்."

"நாள் பாக்கணுங்களா?"

"கண்ணு தொறக்குற வேலை இல்லையே. புதன்கிழமை வா."

பெரிய டீசல் எஞ்சினைக் கிளப்புவதற்கென்று அந்த வண்டியில் சிறு பெட்ரோல் எஞ்சின் ஒன்று உண்டு. அது வெடித்துப்போயிருந்தது, சரிசெய்ய வழியில்லை. பெரியப்பா ஒரு பம்புசெட்டு எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றி, பெல்ட் போட்டு, புல்டோசரின் பின்புறக் கப்பியைச் சுழற்றி அதைக் கிளப்பினார். மாட்டு வண்டி வந்து புல்டோசரை எழுப்பிவிடும் காட்சியைப் பார்க்கக் கூத்தாநல்லூர்க் கடைவீதியே கூடியது என்று மூஸாவின் மகன் சொன்னார். கூடியவர்கள் எத்தனை பேர் என்பது தெரியவில்லை.

எங்கள் ஊர்க் களியில் அந்த இரும்புத் தகடுகள் புதைந்தன. திடலில் வெட்டிய கருவேலத்தை ஒன்றரை முழப் பலகைகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒரு தகட்டில் குறுக்கே போல்ட்டு போட்டு முடுக்கினார். பாரம் பரவியதால் வண்டி புதையாமல் நடந்தது. பெரியம்மா அதை "கட்டச் செருப்பு" என்றார். ஊரும் அப்படியே சொல்லிற்று. மண் தள்ளும் தகட்டின் நீளத்தைக் குறைத்தார். பழைய அரிசி ஆலையிலிருந்து எடுத்த இரும்பு உத்தரத்தைப் பின்னால் சங்கிலியில் கட்டி, சேற்றை மட்டமாக்கும் பரம்பாக இழுத்தார். மாடு இழுக்கும் பரம்பு செய்வதைத்தான் அதுவும் செய்தது, நான்கு மடங்கு அகலத்தில்.

1973, 1974 ஆகிய இரு கோடைகளிலும் அவர் அந்த இருக்கையில் இருந்தார். பம்புசெட்டு இரவல் என்பதால் காலையில் ஒருமுறைதான் வண்டியைக் கிளப்ப முடியும். நிறுத்தினால் அன்றைய வேலை போயிற்று. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எஞ்சின் நிற்காது. அவரும் இறங்க மாட்டார். பெரியம்மா கூழ்ச் செம்போடு ஓடும் வண்டியின் படியில் ஏறிக் கொடுப்பார்.

"மாடுன்னா மத்தியானம் நொகத்தடியை அவுத்து விடுவோம். இது உங்களை அவுக்கவே விடாது போலருக்கே."

"எறங்குனா திரும்ப ஏற முடியாது அம்சு. காலு மரத்துக் கெடக்கு. குடு."

ரேடியேட்டர் ஒழுகியது. அதற்கு மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்று லாரிக்காரர்களிடம் கேட்டு வந்திருந்தார். வீட்டு மஞ்சள் தீர்ந்தது. "கொழம்பு வெள்ளையா இருந்தா என்னைக் கேக்கக் கூடாது," என்றார் பெரியம்மா. இரண்டாம் கோடையின் முடிவில் பெரியப்பாவுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. முதுகு அதன்பின் முழுதாக நிமிரவில்லை.

தள்ளிய மண் மூன்று இடங்களுக்குப் போயிற்று. பெரும்பகுதி, மழைக்காலந்தோறும் தண்ணீர் புகும் எங்கள் தெருவை மேடாக்கியது. ஒரு பகுதி வாய்க்கால் கரைக்கு. மீதியை இராஜாங்கம் பண்ணை வண்டிகளை அனுப்பி நெற்களத்துக்கு அடித்துக்கொண்டார். பெரியப்பா மறுக்கவில்லை. மண் போனால் சரி என்றிருந்தார்.

இங்கே ஒரு சொல்லை விளக்கியாக வேண்டும். குளம் வெட்டும் மண்வேலைக்காரர்கள் நடுநடுவே வெட்டாமல் ஒரு மண்தூணை விட்டுவைப்பார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அளவு எடுத்தபின்தான் அதை வெட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குச் "சாட்சி" என்று பெயர். பெரியப்பா திடலின் நான்கு மூலைகளிலும் சர்வே கல் இருந்த இடத்தைத் தொடாமல், கல்லை உச்சியில் தாங்கிய நான்கு சாட்சிகளை விட்டிருந்தார். அளவர் வந்து பார்த்து எழுதிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். அளவர் வரவில்லை.

1974 ஆவணியில் வருவாய் ஆய்வாளர் மட்டும் வந்தார். வரப்பில் நின்று நான்கு தூண்களையும் பார்த்தார்.

"ஆணையில முழுப் பரப்பும் சாகுபடின்னு இருக்கு. மேடு எதுவும் நிக்கக் கூடாது. நின்னா நான் எப்படி எழுதுறது?"

ஒரு வாரத்தில் பெரியப்பா நான்கையும் வெட்டினார். ஒவ்வொரு கல்லுக்கும் நூல்குண்டு விட்டு, நேர் கீழே அதே கல்லை நட்டார். அந்த ஆண்டு மழை குறைவு. ஆயினும் சம்பா விளைந்தது. தை மாதம் அறுத்தார்கள்.

அறுத்த மறுமாதம் பண்ணையிலிருந்து மனு போயிற்று. ஒப்படை செய்யப்பட்டது திடல். அந்த இடத்தில் இப்போது திடல் எதுவும் இல்லை. வீரையன் பயிரிட்டிருப்பது பண்ணையின் அடுத்த நஞ்சையை ஆக்கிரமித்து. சர்வே கற்களும் பிடுங்கி நடப்பட்டுள்ளன என்பது மனுவின் சாரம். நகல் என்னிடம் இருக்கிறது. பொய் என்று தனியாகச் சுட்டத்தக்க வாக்கியம் அதில் ஒன்றே ஒன்றுதான். திடல் உண்மையிலேயே இல்லை.

1975 ஆனி மாதக் கடைசியில் விசாரணை. தாசில்தார் வெளி மாவட்டத்திலிருந்து வந்து சில வாரங்களே ஆனவர். அன்று ஐம்பதுக்கு மேற்பட்ட மனுக்கள். பெரியப்பாவின் முறை மாலையில் வந்தது.

"அங்க திடல் இருந்துச்சுங்கறதுக்கு என்ன சாட்சி?"

"நாலு சாட்சி இருந்துச்சுங்க."

"இப்ப எங்க?"

"வெட்டிட்டேங்க. ஆர்.ஐ. ஐயா இருக்கக் கூடாதுன்னாரு. நாலையும் நான்தான் வெட்டுனேன்."

எழுத்தர் அதைத் திருத்தமான தமிழில் எழுதினார். "நான்கு சாட்சிகளையும் வருவாய் ஆய்வாளர் சொன்னதன்பேரில் நானே வெட்டினேன்." அடுத்த மனுவை எடுத்துக்கொண்டே தாசில்தார் கையெழுத்திட்டார். காலை முதல் நின்றிருந்த பெரியப்பாவும் கையெழுத்திட்டார். பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

வாக்குமூலத்தின் நகலை வாங்கிய இராஜாங்கம் அதை நேராகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். கூலித் தகராறுகளில் குடிசைகள் எரிந்தும் ஆட்கள் வெட்டுப்பட்டும், அந்த வழக்குகளில் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காமலும் இருந்த காலம். இரண்டு நாளில் பெரியப்பாவை அழைத்துப்போனார்கள்.

"யாரு அந்த நாலு பேரு?"

"பேரு இல்லீங்க. மண்ணுங்க."

"ஒடம்பை எங்க பொதைச்ச?"

"பொதைக்கலீங்க. அங்கயே பரப்பி விட்டுட்டேன்."

இந்தப் பதிலுக்கு அவர் அடிவாங்கினார். எத்தனை அடி என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. வருவாய் ஆய்வாளரை விசாரித்தபோது, தாம் யாரையும் வெட்டச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தார். சொல்லளவில் அது சரிதான்.

மூன்றாம் நாள் ஐந்து காவலர்கள் மண்வெட்டியோடு வயலுக்கு வந்தார்கள். ஆடி பிறந்து, வாய்க்காலில் தண்ணீர் எட்டி, ஈசான மூலையில் நாற்று விட்டிருந்தது. எங்கே வெட்டினார் என்று கேட்டதற்குப் பெரியம்மா நான்கு மூலைகளையும் காட்டினார். காவலர்கள் கற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆளுயரத்துக்குத் தோண்டினார்கள். களிதான் வந்தது.

"இன்னும் ஆழமா வேணாலும் பாருங்க," என்றார் பெரியம்மா. "நாத்தை மட்டும் மிதிக்காம தோண்டுங்க."

நான்காம் நாள் மூஸா காவல் நிலையம் போனார். பெஞ்சில் உட்கார்ந்து, குளம் வெட்டுவது எப்படி என்று தொடக்கத்திலிருந்து எடுத்துச் சொன்னார். உதவி ஆய்வாளர் கடைசிவரை கேட்டார். பிறகு பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

"மண்ணுன்னு மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேங்க."

"சரி சரி. போ."

ஆடி பதினெட்டு கழிந்து தாசில்தார் நேரில் பார்வையிட வந்தார். இராஜாங்கம் குடை பிடித்துக்கொண்டு உடன் வந்தார். வயல் எல்லாப் பக்கமும் ஒரே மட்டம். இதில் திடல் எங்கே இருந்தது என்று தாசில்தார் கேட்டார். காவல் நிலையத்துக்குப்பின் பெரியப்பா அதிகாரிகளிடம் பேசுவதையே விட்டிருந்தார். பெரியம்மா முன்னால் வந்தார்.

"காரியஸ்தர் ஐயாவைக் கேளுங்க. பண்ணை வண்டி வச்சு ஒரு மாசம் அடிச்சாங்க. திடல்ல பாதி அவங்க களத்துலதான் கெடக்கு."

பாதி என்பது மிகை. ஆறில் ஒரு பங்கு இருக்கலாம். தாசில்தார் களத்துக்கு நடந்தார். சுற்றிலும் கரிசல், களம் மட்டும் சிவப்பு. களத்துக் காவலாளியைக் கொத்தச் சொல்லிப் பார்த்தார். இரண்டடிக்குச் செம்மணல். இராஜாங்கம் குடையை மடக்கினார்.

"வேற ஊர்லேருந்து கொண்டாந்ததுங்க."

"எந்த ஊரு?"

இராஜாங்கம் ஒரு ஊரைச் சொன்னார். அங்கும் கரிசல்தான் என்று கூட வந்திருந்த ஊர்க் கணக்கரான கர்ணமே சொல்லிவிட்டார். ஒப்படை செல்லும் என்று அன்றே உத்தரவாயிற்று. கற்கள் பிடுங்கப்பட்டிருந்ததால், எல்லையை அளந்து புதிதாக நடும்படியும் அதே உத்தரவில் இருந்தது.

அளவர் அடுத்த வாரம் வந்தார். அளவுச் சங்கிலியை எங்கிருந்து பிடிப்பது என்று காட்டியவர் இராஜாங்கம். கல் தோண்டிய குழிகள் மழையில் கரைந்து பள்ளங்களாகியிருந்தன. பண்ணை நஞ்சையை ஒட்டிய வடக்கு எல்லையின் புதுக் கற்கள் அவற்றுக்கு ஆறடி உட்புறமாக விழுந்தன. பழைய கல் நின்ற இடம் பெரியப்பாவுக்கு விரற்கடை பிசகாமல் தெரியும். நூல்குண்டு விட்டவர் அவர்தான். காட்டினார்.

"சங்கிலி என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு," என்றார் அளவர்.

சேதி கேட்டு மூஸா வந்தார். மேல்முறையீடு செய்யலாம், வக்கீல் இருக்கிறார், நாகப்பட்டினம்வரை தாமே கூட வருவதாகச் சொன்னார். பெரியப்பா வண்டியின் சங்கிலியில் ஒட்டியிருந்த களியைச் சுரண்டிக்கொண்டே கேட்டிருந்தார்.

"மூணு வருஷமா இந்தத் திடலை ஒசரத்துலேருந்து எறக்கியிருக்கேன் பாய். இன்னும் மூணு வருஷம் படியேற என்னால ஆவாது."

"ஆறடி வீரையா. அந்தப் பக்கத்துக் கடைசி வரைக்கும் ஆறடி."

"தெரியும். நான்தானே தள்ளுனேன்."

அளவர் நீட்டிய காகிதத்தில் அவர் கையெழுத்திட்டார். புது எல்லையில் வரப்பு போடப் பண்ணையாட்கள் மண்வெட்டியோடு வந்தபோது வேண்டாமென்று அனுப்பிவிட்டார். அவர்கள் போட்டால் இன்னும் ஓரடி உள்ளே வரும் என்று பெரியம்மாவிடம் சொன்னாராம். கட்டைச் செருப்பு மாட்டிய வண்டியை ஈர வயலில் இறக்கி, அளவர் கட்டிய கயிற்றின் ஓரமாக ஓட்டி, தாம் இரண்டு கோடை மட்டம் பார்த்த மண்ணைத் தாமே கூட்டித் தள்ளி வரப்பாக்கினார். முற்பகலில் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிந்தது. அப்பால் விடப்பட்ட ஆறடியில் அந்த ஆண்டு பண்ணை நடவு நட்டது.

பெரியப்பாவின் பங்கில் ஆவணி பத்தாம் தேதி நட்டார்கள். நிபந்தனைக் காலம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. இப்போதைய சிட்டாவில் அந்த நிலம் நஞ்சை என்றும், பரப்பு ஒரு ஏக்கர் தொண்ணூற்றாறு சென்ட் என்றும் இருக்கிறது.